மிலிட்டரி பி.ஏ.

டக்... டக்... டக்...

எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபேனை மூன்றில் வைத்தால் இந்தச் சத்தம் கேட்கும். முன்னறையில் மாட்டியிருந்த அப்பாவின் சர்டிஃபிகேட் ஃப்ரேம் காற்றில் ஆடிச் சுவரில் இடிக்கும். அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டித்தான் ப்ளஸ் டூ வரை படித்தேன்.

அப்பா பத்தாவது முடித்துவிட்டு ராணுவத்துக்குப் போனவர். பதினைந்து வருஷம் சர்வீஸ் முடித்தால், பட்டப்படிப்புக்குச் சமம் என்று அங்கே ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் ஊர் திரும்பியதும் கம்மாபுரம் பக்கம் ஒரு அரசு ஆபீஸில் கிளார்க் ஆனார். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த ஒரு காகிதம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸில் அவருக்கு மிலிட்டரி பி.ஏ. என்று பெயர்.

"என்னா மிலிட்டரி, எந்த காலேஜு? பார்டர் காலேஜா?" என்பார்களாம்.

"அதேதான்யா. ஹாஸ்டல் மட்டும் கொஞ்சம் குளிரும்னு சொல்லிட்டு வந்தேன்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ரிட்டயர் ஆன வருஷம் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. வீட்டில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கலாம். ஃபீஸில் சலுகை உண்டு. அம்மாவுக்கு டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பெர்மனென்ட் வேலைதான்; குவார்ட்டர்ஸும் அதில் கிடைத்ததுதான். ஆனாலும் சலுகை இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். 'எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை' என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா போடவில்லை.

"நான் இருக்கேனே" என்றார்.

"அது மிலிட்டரில குடுத்ததுங்க. நீங்க எந்தக் காலேஜு வாசல மிதிச்சீங்க? பொண்ணு படிக்கணுமா வேணாமா?" என்றார் அம்மா.

"பொய்யா ஒரு கையெழுத்து இதுவரைக்கும் போட்டதில்ல."

இரண்டு மூன்று நாள் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். எனக்கு எப்போதுமே வாய் வராது... அப்போதும் வரவில்லை. கடைசி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் ஷேவ் செய்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு, ஃப்ரேமைக் கழற்றித் துண்டில் சுற்றினார்.

"வா பாப்பா. அவங்களையே கேட்டுட்டு வந்துடலாம்."

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஃப்ரேமை மடியில் பிடித்துக்கொண்டேன்.

தாலுகா ஆபீஸில் இருந்த மேடம் அப்பாவைவிட ரொம்பச் சின்னவர். சான்றிதழை வரி விடாமல் படித்தார். அப்பா அட்டென்ஷனில் நின்றார்.

"ஐயா, இது வேலையில சேர்றதுக்கு மட்டும் சமம்னு குடுத்தது. யுனிவர்சிட்டி டிகிரி ஆகாதுங்க. நீங்க தாராளமா கையெழுத்துப் போடலாம்."

"அப்ப நான் பட்டதாரி இல்லீங்களா, மேடம்?"

அவர் ஃப்ரேமை மெதுவாக அப்பா பக்கம் நகர்த்தினார். "இல்லீங்க ஐயா."

"சரிங்க மேடம்."

கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கு டீ சொல்ல மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரேம் ட்ரங்குப் பெட்டிக்குள் போனது. காலேஜ் லீவில் வரும்போதெல்லாம் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு என்னவோ போல இருக்கும்.

படித்து முடித்து, சென்னையில் முதல் இன்டர்வியூ. என் சர்டிஃபிகேட்டுகளைப் புரட்டியவர், "ஓ, உங்க ஃபேமிலில நீங்கதான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா?" என்றார்.

"இல்லீங்க சார். எங்க அப்பா, ஆர்மில. நான் ரெண்டாவது."

எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வெளியில அப்படிலாம் சொல்லிகினு இருக்காத பாப்பா. குடுத்த சலுகைய திருப்பிக் கேக்கப் போறாங்க" என்றார்.

அம்மாவும் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இப்போது முத்தாண்டிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு. போன மாதம் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி ஃபேனைப் போட்டேன்.

டக்... டக்... டக்...

"அந்த ஃப்ரேம் ஆணிய கொஞ்சம் இறுக்கி அடிச்சாதான் என்னாங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அன்றைக்குப் படிக்க விடாத சத்தம்.

இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.