அடிச்சவரே எடுக்கோணும்

இருபத்து மூன்று வயதில் எனக்கு மேனேஜர் வேலை கிடைத்தது. எஸ்டேட் மேனேஜர் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்டேட் கால்பந்து டீமுக்கு மேனேஜர். அது எண்பதுகளின் நடுப்பகுதி. சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டே, கேட்பவர் கேட்காதவர் எல்லாரிடமும் பந்தாட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அது பந்துப் பைத்தியமான முதலாளி காதில் விழுந்துவிட்டது. "மொதத் தடவையா சேலத்துல ஒரு மில் டீமோட ஆட்டம் பேசியிருக்கு. ஜெயிச்சா நீதான் மேனேஜர், வேற வேலையே வேண்டாம். தோத்தா மறுபடி மண்ணள்ளப் போயிரு" என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பந்தைப் பற்றியே யோசிக்கலாம்! அன்று ஒண்டிக்கடையில் கண்ணில் பட்டவர்க்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் டீமில் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். கோலுக்கு முன்னால் நின்று பேக் ஆடியவர் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், நாற்பது வயது. நான் விசில் ஊதினால், "என்ன கண்ணு, பசிக்குதா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காய் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில்தான் பயிற்சி. களத்தைத் தாண்டினால் சரிவு, சரிவு முழுக்கக் காப்பிச் செடி, இடையிடையே செந்தட்டி. மேலே பட்டால் சொறிந்தே தோல் போய்விடும். அதனால் எனக்கு முன்பிருந்தே ஒரு சட்டம் இருந்தது: பந்தை வெளியே அடித்தவரே போய் எடுத்துவர வேண்டும். அவர் வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். அந்தப் பயத்தில் யாரும் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, தரையோடு தட்டித் தட்டியே ஆடுவார்கள். நான் மட்டும் பந்தைத் தொட்டதும் இல்லை, செந்தட்டிக்குள் போனதும் இல்லை. "உங்களுக்கென்னுங்க, நெழல்ல நிக்கறீங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் குத்திக் காட்டுவார்கள்.

சேலத்தில் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் கோலுக்கு ஆபத்து வந்தது. கவாத்துக்காரர் பந்தை மைதானத்து மதிலுக்கு வெளியே அடித்தார். நல்ல காரியம். அடித்தவர் நின்றாரா? கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்விட்டார்! மற்றவர்கள் நிம்மதியாக இடுப்பில் கைவைத்து நின்றார்கள். மில்காரர்கள் வேறொரு பந்தை எடுத்து உள்ளே எறிந்து, நடந்துபோய் கோல் போட்டார்கள். பழைய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்த மனிதர், "யாருங்க கோலு போட்டது?" என்று கேட்டார். ஐயோ, எனக்கு மண் பைகள் கண்முன் வந்து வரிசையாக நின்றன!

இடைவேளையில் கத்தினேன். "எதுக்குங்க வெளிய போனீங்க?"

"அடிச்சவருதானுங்களே எடுக்கோணும்?"

"இங்க எடுக்கறதுக்குன்னே ஆளு வச்சிருக்காங்க!"

"அடுத்தவங்க எடுத்தார, நாம சும்மா நட்டமா நிக்கறதுங்களா? நல்லாவா இருக்கும்?"

"நொம்ப நல்லா இருக்கும், நில்லுங்க!"

நின்றார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே பழகிய கால்களுக்குச் சமதளம் சும்மா விளையாட்டாக இருந்தது. தட்டித் தட்டி ஆடினார்கள். மில்காரர்கள் பந்தைத் தேடித் தேடி ஓய்ந்தார்கள். ஒரு கோல் திருப்பினோம். முடிகிற நேரத்தில் இன்னொன்று! நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கடைசி விசில் ஊதியதும் பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. இருந்த சந்தோஷத்தில் விட்டேன் ஒரு உதை. அது மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

பதினோரு பேரும் குதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கவாத்துக்காரர் கேட்டைக் காட்டினார். "அடிச்சவருதானுங்க எடுக்கோணும், மேனேஜருங்களே!"

அவர் வாயில் அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். ஓரத்தில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, "போய்யா மேனேஜர், போய் எடுத்துட்டு வா" என்றார்.

ஓடினேன். பந்து ரோட்டோரச் சாக்கடையில் மிதந்துகொண்டிருந்தது. பேண்டைச் சுருட்டிவிட்டு முழங்கால்வரை இறங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் நான் எதிலும் இறங்கியதில்லை.