தேநீருக்கு அவள் பார்த்த இடங்கள்

எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். நெல்லியடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அதே பஸ்ஸில் வந்து, எனக்கு அடுத்த மேசையில் இருந்து வேலை செய்தவள் அவள். எங்கள் வீடுகளுக்கு இடையில் ஒரு மைல்கூட இல்லை. ஆனாலும் கந்தோரில்தான் முதன்முதலாகக் கதைத்துக்கொண்டோம். அவளுடைய வீட்டார் வேதக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமுறையாகப் படிப்பித்தவர்கள். என்னுடைய அப்பா பனையேறிக் கள்ளுச் சீவுகிறவர். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைச் சிநேகிதியாக்கிக்கொண்டாள். அதனாலேயே அவளில் எனக்கு அவ்வளவு விருப்பம்.

கந்தோர் நாலே காலுக்கு விடும். எங்கள் பஸ் ஐந்தரைக்கு. இடையில் ஒரு தேநீர் குடிக்கலாம்.

எனக்குத் தேநீர்க்கடை என்றாலே கூச்சம். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போனால் கடைக்குப் பின்னால் வேலியடியில்தான் நிற்போம். போத்தலில் தேநீர் வரும். குடித்து முடித்ததும் அப்பா அந்தப் போத்தலைத் தானே கழுவி வைத்துவிட்டு வருவார். நான் வேலைக்குப் போன காலத்தில் அதெல்லாம் நின்றுவிட்டது. யாரும் எந்தக் கடைக்குள்ளும் போகலாம், எல்லாருக்கும் ஒரே கிளாஸ். இருந்தும் கடைப்படியில் கால் வைக்கும்போது முதலாளியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதல் நாளே அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் இடம் பாக்கிறன்” என்றாள்.

பார்த்தாள். பண்ணைப் பக்கம் ஒரு முஸ்லிம் கடை. பின்னால் பெண்களுக்கென்று திரை போட்ட மேசை இருந்தது. ஒரு சிங்கள பேக்கரியின் மேல்மாடி. ஆஸ்பத்திரிக்குப் பின்புறத்து ஒழுங்கையில், நோயாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் மட்டும் வந்துபோகும் ஒரு சின்னக் கடை. திரையை இழுத்துவிட்டுப் பணிஸைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவோம். கந்தோர்ப் பெரியவர் இருமுவதுபோல அவள் இருமிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறும். இரண்டு வருடம் அப்படிப் போனது. என்னுடைய கூச்சத்துக்காகத்தான் ஒருத்தி இவ்வளவு அலைந்து இடம் பார்க்கிறாள் என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போது சில நாட்களில் என் கண் கலங்கியிருக்கிறது.

அந்த நாட்களில் பெரிய வீதியில் ஒரு புதுக் கடை திறந்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கந்தோரில் எல்லாரும் போய்வந்து அதைப் பற்றியே கதைத்தார்கள். நானும் கேட்டேன்.

“அங்கை சனம் கூடவப்பா” என்றாள் அவள்.

பிறகு ஒரு நாள் கேட்டபோது, “ரீ நல்லாயில்லையாம்” என்றாள்.

நாங்கள் இருவரும் சம்பள உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்த அன்று நான் விடவில்லை. “இண்டைக்கு இடம் நான்தான் சொல்லுவன்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். யன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. அவள் வீதிக்கு முதுகு காட்டி இருந்தாள். பூப்போட்ட கோப்பைகளில் தேநீர் வந்தது. முதலாளியின் முகத்தைப் பார்க்க அன்று மறந்தே போனேன்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கையில் புடவைக்கடைப் பைகள்.

“எடி பிள்ளை, நீயும் இஞ்சையோ?”

அவளுடைய மாமி. அவள் விறுக்கென்று எழும்பினாள். மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது ஆர்? எந்த இடம் தங்கச்சி?”

அவள் சொல்லட்டும் என்று பார்த்தேன். அவள் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே எங்கள் குறிச்சியின் பெயரைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மாமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“இடமில்லையெண்டுதான் இதிலை இருந்தனான், மாமி” என்றாள் அவள். “நான் வரேக்கை உவ இதிலை இருந்தவ.”

“சரி, வா. அங்காலை இருப்பம்.”

கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மேசை தள்ளி இருவரும் இருந்தார்கள். அவளுக்குப் புதிதாக ஒரு தேநீர் வந்தது. நான் என்னுடையதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். எழும்பி ஓடினால் அவர்கள் பார்ப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

அடுத்த நாள் அவளே என் மேசைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நீர்தானே அடம்பிடிச்சனீர்” என்றாள், குரலைத் தாழ்த்தி. “தெரிஞ்ச ஆக்கள் வருவினம் எண்டுதானே நான் உந்தக் கடை வேண்டாமெண்டனான். இவ்வளவு நாளும் ஒருத்தரும் காணாமல் எவ்வளவு வடிவாக் கூட்டிக்கொண்டு போனனான்?”

“எனக்காக எண்டெல்லோ நான் நினைச்சனான்.”

“ரெண்டு பேருக்கும் நல்லதுதானேயப்பா!”

அவள் குரலில் பொய் இல்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்ததாக நம்பினாள். பேரேட்டை விரித்துக் கணக்கெழுதத் தொடங்கினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

அதற்குப் பிறகு நான் தனியாக அந்தக் கண்ணாடிக் கடைக்கே போனேன். யன்னலோரம், வீதியைப் பார்த்தபடி இருப்பேன். ஏதோ வென்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே தேநீர் உண்மையிலேயே நல்லாயில்லை, சீனிப்பாகு மாதிரி. பேச ஆளில்லை. எனக்குக் கோபம் அவளில் மட்டுமல்ல, என்னிலும்தான். அந்த இரண்டு வருடத்தில் சிரித்ததுபோல நான் பிறகு யாரோடும் சிரிக்கவில்லை. அதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் கொழும்பு மாப்பிள்ளையோடு கலியாணம் நிச்சயமானது. கந்தோரில் மற்றவர்களுக்கு அழைப்பிதழ் கொடுத்தாள். என் மேசையடியில் வந்து சற்று நின்றாள்.

“கந்தோர் ஆக்களுக்கு வேறையா ஒரு ரீ பார்ட்டி வைப்பன். நீர் அதுக்குக் கட்டாயம் வாரும்.”

“வாறன்” என்றேன். போகவில்லை. அந்தப் பார்ட்டி நடந்ததோ என்றும் விசாரிக்கவில்லை.

கலியாணத்துக்குப் போய்வந்த யாரோ, வெள்ளித்தாள் சுற்றிய கேக் துண்டு ஒன்றை என் மேசையில் வைத்திருந்தார்கள். மேலே என் பெயர் அவளுடைய கையெழுத்தில். தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அடுத்த கிழமை திறந்தபோது உள்ளே முழுக்க எறும்பு. கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஈரத்துணியால் லாச்சியைத் துடைக்க அன்று பின்னேரம் முழுவதும் சென்றது.