நீலம் ஏறிய சிலுவை

போன வாரம் வேலூர் பஜாரில் ஒரு நகைக்கடையில் மகளோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை வருகிறது. அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திருவிருந்து எடுக்கப் போகிறாள். கழுத்துக்கு ஒரு சின்னச் சிலுவை வேண்டுமாம். கடைப் பெண் தட்டில் இருபது முப்பது சிலுவைகளைப் பரப்பிவிட்டு, "ப்ளெயினா பாக்கறீங்களா சார், கல்லு வெச்சதா?" என்றாள். எல்லாம் ஜொலித்தன. "நீலத்துல இருக்காம்மா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். மகள் முழங்கையில் கிள்ளினாள். "நீலத்துல யாருப்பா சிலுவை போடுவாங்க?"

நான் ஒரு நீலச் சிலுவையைச் சுமந்திருக்கிறேன். நகைக்கடையில் வைத்து அதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஆபீஸ் கிளார்க். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்பேன். தோல் என்ற சொல் என் வாயில் வராது. ஆனால் வாடையை மறைக்க முடியுமா? பச்சைத் தோல், சுண்ணாம்பு, அமிலம், மீன் எண்ணெய் எல்லாம் கலந்த அந்த வாடை நம் மூக்குக்கு இரண்டே நாளில் பழகிவிடும். அடுத்தவர் மூக்குக்குப் பழகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் முன் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்து, அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொள்வேன். பார்ப்பதற்கு மாவு மில்லில் வேலை செய்பவன் மாதிரி இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஈசாக்கு அண்ணன் எங்கள் டேனரியில் டிரம் வேலை பார்த்தார். டிரம் என்பது ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய மர உருளை. அதில் தோலையும் மருந்துத் தண்ணீரையும் விட்டுச் சுற்றவிடுவார்கள். சுற்றி முடிந்ததும் உள்ளே இறங்கி, ஈரத் தோலை அள்ளி அள்ளி வெளியே போட வேண்டும். குரோம் மருந்தில் ஊறிய தோல் வெளிர் நீலமாக வரும். அண்ணனின் நக இடுக்குகளிலும் அதே நீலம் இருக்கும். அவர் எங்கள் சபைதான். கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில்தான் அவரும் உட்காருவார்.

ஒரு ஞாயிறு நான் புது வெள்ளைச் சட்டையில் இருந்தேன். முன் பெஞ்சுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். வாடை என்னிடமிருந்து வருகிறது என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்கு உதறல். ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் விழுந்த இடத்தில் என் பாட்டுப் புத்தகத்தை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஈசாக்கு அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கட்டி, விரல்களை அக்குளுக்குள் மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் உள்ளே வரவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நின்றபடி ஆராதனை கேட்டுவிட்டுப் போய்விடுவார். "உள்ள வாங்கண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டேன். "உள்ளார ஒரே புழுக்கம்பா. இங்க காத்து ஜாஸ்தி. நீ போ" என்று சிரித்தார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. திருவிருந்துக்குக்கூட வரவில்லை. ஒரு மனிதரைக் கோயிலைவிட்டு வெளியே அனுப்பியவன் நான். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவரைத் தாண்டி உள்ளே போகும்போது கால் கூசும். ஆனாலும் போய் உட்கார்ந்து, நன்றாகக் குரலெடுத்துப் பாடிவிட்டு வருவேன்.

அடுத்த லெந்து என்னும் தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு எடுக்கும் மரச் சிலுவையைச் செல்லரித்துவிட்டது. நல்ல மரத்துக்கு எங்கே போவது என்று சபைக் கூட்டத்தில் கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் டேனரியில் பழைய டிரம் ஒன்றைப் பிரித்து, பலகைகளை மூலையில் அடுக்கியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பெரிய மனிதத் தோரணையோடு எழுந்து, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். முதலாளி பாயிடம் கேட்டதும், "கோயிலுக்குத்தானே, தாராளமா எடுத்துக்கினு போங்க" என்றார்.

ஆசாரி இழைக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பலகை உள்பக்கம் முழுக்க நீலம். மேலே சுரண்டினால் அடியிலும் நீலம். "எத்தினி வாட்டி இழைச்சாலும் நீலம் வந்துக்கினே இருக்குது சார். இதுக்கு மேல இழைச்சா பலகையே மிஞ்சாது" என்று கையை விரித்துவிட்டார். வாடையும் போகவில்லை. சபைச் செயலர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். சிலுவையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஊர்வலத்துக்கு வேணும்னா தூக்கட்டும். உள்ள மட்டும் வரக் கூடாது. மூணு மணி நேர ஆராதனை, மனுஷன் உக்கார முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பெரிய வெள்ளி காலை ஊர்வலம் கிளம்பியது. ஆளுக்குக் கொஞ்ச தூரம் சுமப்பது வழக்கம். கடைசியாக, குழாயடியிலிருந்து கோயில் வாசல் வரை என் முறை. வெயில் ஏறிவிட்டிருந்தது. சிலுவையைத் தோளில் வாங்கியதும் என் கன்னம் மரத்தில் அழுந்தியது. சூட்டுக்கு மரம் வாடையைக் கக்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டை சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் எடுக்கக் கை இல்லை. இரண்டு கையும் சிலுவையைப் பிடித்திருந்தன.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த சிலுவையெல்லாம் பளபளப்பானவை. பீடத்தில் இருந்த பித்தளைச் சிலுவையைச் சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவார்கள். அது ஆளைக் கொல்லுகிற மரம் என்று ஞாயிறு பள்ளியில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த மரத்தில் இரத்தமும் வியர்வையும் ஊறி நாறியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஊருக்கு வெளியே அது நின்றபோது அந்த வழியாகப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு முழம் விலகித்தான் போயிருப்பார்கள். கடவுள் அங்கே போய்த் தொங்கினாரா? அந்த இடத்திலா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமா பக்தியா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கால் தடுக்கியது.

விழப் போனவனின் தோளில் திடீரென்று பாரம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஊர்வலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த ஈசாக்கு அண்ணன் முன்னால் ஓடிவந்து, சிலுவையின் அடிப்பகுதியைத் தன் தோளில் ஏற்றியிருந்தார். டிரம்மாக இருந்தபோது உள்ளே தோலைப் புரட்ட முளை அடித்திருந்த பழைய ஓட்டை ஒன்றை அவர் விரல் தடவிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது மூணாம் நம்பர் டிரம்முபா. என் டிரம்மு. பதினெட்டு வருசம் இதுக்குள்ளதான் எறங்கி ஏறுனேன்."

பலகை கேட்டு வாங்கியவன் நான். அது யார் உழைத்த டிரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

வாசலில் செயலர் கை காட்டினார். "அப்படியே செவுத்துல சாத்திடுங்க." ஈசாக்கு அண்ணன் உடனே நின்றுவிட்டார். பழக்கப்பட்டவர் அல்லவா, இறக்குவதற்குக் குனிந்தார். அதற்கு முன்னும் பின்னும் கமிட்டிக்காரர் யாரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. "உள்ள எடுத்துட்டுப் போறோம் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "வாங்கண்ணே. நான் ஒருத்தனாத் தூக்க முடியாது."

ஆயர் எங்கள் இருவரையும் பார்த்தார். அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், சாத்தியிருந்த இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.

பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த வழியாக இருவருமாகத் தூக்கிப்போய் பீடத்தின் முன் நிறுத்தினோம். முன் பெஞ்சில் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றச் சுற்ற வாடை கோயில் முழுக்கப் பரவியது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. செயலர் கைக்குட்டையை எடுத்தார், நெற்றியைத் துடைத்தார், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஜெபத்துக்கு மண்டியிட்டபோது டாக்டர், வாத்தியார், டேனரிக்காரர் எல்லோரும் அந்த நீல மரத்துக்கு முன்தான் தலை குனிந்திருந்தோம். எதைக் கண்டு வாழ்நாள் முழுக்க முகம் திருப்பினோமோ அதன் முன்னால்.

மறுநாள் டேனரியில் அண்ணனைத் தேடிப் போய், பாட்டுப் புத்தகத்தைப் பற்றி மென்று விழுங்கிப் பேச்செடுத்தேன். "இன்னாத்துக்குப்பா அது இப்ப? எனக்கே என்னைக் கண்டா பேஜாரு. கட்டிக்கினு வந்தவகிட்டயே தள்ளித்தான் படுப்பேன். நீ நவுந்ததுல இன்னா தப்பு?" என்றார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நேத்து மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். கையை மறைக்கணும்னே தோணலபா."

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் வெளியே நின்றதில்லை.

இப்போது அந்த டேனரி குடோனாகிவிட்டது. டிரம் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் காட்பாடியில் ரயிலேறி சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஈசாக்கு அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். சிலுவை இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு நீலப் பெயின்ட் அடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருடப் பெரிய வெள்ளிக்கும் குழாயடியில் என் தோளுக்கு வந்தது. அதே வெயில். யாருக்கும் தெரியாமல் மூக்கை மரத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அண்ணன் விரல் வைத்த ஓட்டையைத் தேடி, அதில் மூக்கைப் புதைத்து இன்னொரு முறை இழுத்தேன். "கஷ்டமா இருந்தா குடுங்க சார், நான் மாத்திக்கறேன்" என்றார் பின்னால் வந்தவர். வேண்டாம் என்று தலையசைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. எத்தனை தரம் முகர்ந்தாலும் வெறும் மரம்தான்.