கை கிரீமும் ஒரு மர வளையமும்

டூசானில், பழைய பொருட்களில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ஆய்வுக்கூடத்தில் டெல்ஃபினா புஸ்தமாந்தேவுக்கு இருபத்தாறு வருடமாகக் கழுவுகிற வேலை. எலும்போ கரியோ மரத்துண்டோ, எது வந்தாலும் அமிலத்தில், காரத்தில், மறுபடி அமிலத்தில் ஊறவைத்து, ஒட்டிய அழுக்கைப் போக்கித்தான் எந்திரத்துக்கு அனுப்புவாள். வீட்டில் பாத்திரம் கழுவுவது கணவர் பாடு.

அந்த வாரம், எந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வயது தெரிந்த மரத்துண்டு ஒன்றைப் போட்டார்கள். கி.பி. 775-இல் வளர்ந்த வளையம் என்று எண்ணிக் கொடுத்தவன் எதிர்க் கட்டடத்து ராய்ஸ் டட்டில். மரவளையம் எண்ணுவதே அவன் பிழைப்பு. வயதில் பதினைந்து வருடத்துக்கு மேல் பிசகாத எந்திரம், இந்த மரத்துக்கு நூறு வருடம் கூட்டிச் சொன்னது.

இயக்குநர் வெண்டலின் கண் டெல்ஃபினாவின் கிரீம் டப்பாவில் விழுந்தது. அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது கோடி வருஷப் பழசான பெட்ரோலியத்துல செஞ்சது, டெல்ஃபினா. துளி ஒட்டினாலும் மரம் கிழடாத் தெரியும். இனிமே நீங்க வரவேற்பு மேசையில உட்காருங்க."

"பாலைவனத்துல கை வெடிக்குது, பூசுறேன். அதுக்கு மேல கையுறையும் போடுறேன். இன்னும் ரெண்டு தடவை கழுவ விடுங்க டாக்டர். அப்புறம் வாசல்ல வேணாலும் உட்கார்றேன்."

கிரீம் இல்லாமல் கழுவினாள். அதே நூறு. மூன்றாவது முறை விரலெல்லாம் வெடித்திருந்தது. அப்போதும் அதே நூறு.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த ராய்ஸ் சிரித்தான். "நான் தப்பா எண்ண மாட்டேன். எண்ணினாலும் ஒரு வருஷம் தப்பும். நூறு வருஷம் உன் கைவண்ணம்தான், தாயே."

பர்ரிட்டோ பாதி வாயில் இருக்க, டெல்ஃபினா நிறுத்தினாள். ஒரு வருஷம். 774 முடிந்து 775 பிறந்த வாக்கில் வானத்திலிருந்து கதிர்கள் கொட்டி, காற்றில் அந்தக் கார்பன் திடுமென்று கூடிப்போன கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். கார்பன் கூடினால் வயது குறைவாகத் தெரியும்; அடுத்தடுத்த அந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே மரம் நூறு வருட இளமை பெற்றுவிடும்.

"யோவ் ராய்ஸ், அழுக்கு மூணு தடவையும் அளந்து வச்ச மாதிரியா ஒட்டும்? நீ 776-ன்னு எழுதின அடுத்த வளையத்தைக் கொண்டா."

அது முந்தைய வளையத்தைவிட நூறு வருடம் இளமையாக வந்தது.

ராய்ஸ் இரண்டு நாள் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. ஏதோ ஒரு கடும் வறட்சியில் மரம் மயிரிழை அளவே வளர்ந்திருந்தது. பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணியவன் அந்த வளையத்தைத் தாண்டிப் போயிருந்தான். அவன் 775 என்று கொடுத்தது 774.

வெண்டல் தானே வந்து கிரீம் டப்பாவை அவள் மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார். ராய்ஸ் ஆவி பறக்கும் சோளமாவுத் தமாலே பொட்டலத்தோடு வந்தான்.

"பன்னெண்டு இருக்கு," என்றான்.

டெல்ஃபினா பொட்டலத்தைப் பிரித்து, அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.