நூற்றுப் பதினேழாம் பை

பம்பரம் அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த மலையடிவாரத்தில் யாரும் இல்லை. சாப்பாடு நின்றுகொண்டு, கிழிந்த சட்டை தைப்பது நடந்துகொண்டு. காய்ச்சல் வந்த ஒரு நாள் மட்டும் படுத்தாள். அன்றைக்கும் இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி உண்டு. இருபது வயதுக்குள் தையல் கம்பெனி, செங்கல் சூளை, பஸ் ஸ்டாண்டில் சீப்பு விற்பது என்று ஆறு வேலை மாறியவள். எதிலும் காலூன்றவில்லை. ஊன்றுவதற்குக் கால் முதலில் தரையில் பட வேண்டுமே!

அவளுக்கு வாய்த்த கணவருக்கு மூட்டை என்று பெயர். வைத்தால் வைத்த இடத்தில் இருப்பார்.

மலைக்குள் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆளாளுக்கு மண்வெட்டியோடு வந்து குழி தோண்டிய காலத்தில் இவர்களும் வந்தார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. நாலு முழ அகலம், முப்பதடி ஆழம். அடியில் மூட்டை உட்கார்ந்து பாறையைக் கொத்துவார். மேலே அக்கா ராட்டினத்தைச் சுற்றி வாளியை இழுப்பாள், கல்லை மாவாக இடிப்பாள், தட்டில் போட்டுத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி அலசுவாள். மண்ணெல்லாம் விளிம்பு வழியாகப் போனபின் தட்டின் அடியில் இமைமுடி மாதிரி ஒரு மஞ்சள் கோடு நிற்கும். அதுதான் வருமானம்.

"பம்பரம் அலசிப் போட்ட மண்ணுல எறும்புக்குக்கூட ஒண்ணும் கிடைக்காது" என்பான் பக்கத்துக் குழி நெட்டை. அக்காவுக்கு அது மெடல். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யாரும் எதற்கும் மெடல் கொடுத்ததில்லை.

எதையும் விட்டுவிட்டு ஓடிப்போகிறவள், ஓடாமல் நின்ற ஒரே இடம் அந்தக் குழியின் விளிம்பு. இதை அவளிடம் நேரில் சொன்னால் அடி விழும்.

அந்த வருஷம் ஒரு கம்பெனி வந்தது. தங்கம் எடுக்க அல்ல, இருக்கிறதா என்று பார்க்க மட்டும். வெயிலில் மூக்கு உரிந்த இளைஞர் ஒருவர் மலை முழுக்க ஐம்பது அடிக்கு ஒரு குச்சி நட்டு, ரோஸ் நிற நாடா கட்டினார். ஒவ்வொரு குச்சியடியிலும் முழங்கால் ஆழம் தோண்டி, இரண்டு கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டி, நம்பர் அட்டை போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். ஜனங்கள் அவருக்கு மண்ணு சார் என்று பெயர் வைத்தார்கள். தோண்ட அக்காவையும், பை சுமக்க நெட்டையையும் வேலைக்கு எடுத்தார்.

முதல் நாளே ஒரு கட்டளை. "கையில மோதிரம், கம்மல், எந்தத் தங்கமும் இருக்கக் கூடாது. மண்ணுல ஒட்டிச்சுன்னா கணக்கு தப்பாயிடும்."

"எங்ககிட்ட தங்கம் இருந்தா நாங்க ஏன் சார் குழிக்குள்ள இறங்கப் போறோம்?" என்றாள் அக்கா. மண்ணு சார் சிரித்துவிட்டார்.

நூற்றுப் பதினேழாம் குச்சி அக்காவின் குழியிலிருந்து எட்டடி தள்ளி நின்றது.

"இங்க நல்லா வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"போர் வண்டி வரும். துளை போட்டுப் பார்ப்போம். சுத்தி வேலி போடணும், குழிய மூடணும்."

"ஒண்ணும் வரலன்னா?"

"குச்சியைப் பிடுங்கிட்டுப் போயிடுவோம்."

அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு மட்டும் கொண்டதா என்று கேட்கக் கூடாது. இது வேறு மாதிரி. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். பையில் போடத் தங்கமே இல்லாத மண் வேண்டும். ஆனால் எந்த மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று யார் கண்டது? அவள் அடித்துச் சொல்லக்கூடிய மண் உலகத்திலேயே ஒன்றுதான்: அவளே அலசிக் கொட்டிய மண். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

அதில் இரண்டு கிலோ அள்ளினாள். ஈரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தகரத்தின் மேல் இரண்டு நாள் காயவைத்தாள். நூற்றுப் பதினேழு வந்த அன்று மண்ணு சார் அடுத்த வரிசையில் ஏதோ பாறையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா பேருக்கு ஒரு பள்ளம் பறித்தாள். காய்ந்த மண்ணைப் பைக்குள் கொட்டினாள். நெட்டை வானத்தைப் பார்த்து விசிலடித்தான்.

ஐந்து வாரம் கழித்து லேபிலிருந்து பதில் வந்தது. மண்ணு சார் கூடாரத்தில் பலகை மேல் வரைபடத்தை விரித்தார். அதில் சின்னச் சின்ன வட்டங்கள், பெரும்பாலும் நீலம், அங்கங்கே மஞ்சள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு வட்டம், நெற்றியில் புடைத்த வீக்கம் மாதிரி.

"மொத்த மலையிலயும் இங்கதான்க்கா தங்கம் ஜாஸ்தி. நூத்திப் பதினேழு. உங்க குழிப் பக்கம்தான்! திங்கக்கிழமை போர் வண்டி வருது."

அக்கா சிவப்பு வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள், அழியவில்லை.

வீட்டுக்கு வந்து குவியலின் முன் நின்றாள். ஒரு பிடி அள்ளி அலசினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு பிடி. ஒன்றும் இல்லை. பொழுது சாயும்வரை அலசினாள். லேப்காரனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி, அந்த முடிவும் நிற்காமல் மலையை இரண்டு சுற்று சுற்றிவந்தாள். வண்டி வருவது ஊருக்கே தெரிந்திருந்தது, மண்ணை மாற்றியதை மட்டும் புருஷனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டை ராட்டினத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு முடிச்சாக, அவசரமில்லாமல், பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி.

"ஏங்க, நாளைக்குத்தானே வண்டி?"

"நாளைக்கு அவனுங்க வந்து அறுத்துடுவானுங்க. நல்ல கயிறு."

அக்கா அங்கிருந்து கூடாரம் வரைக்கும் ஓடினாள்.

"சார், நூத்திப் பதினேழாம் பையில போனது அந்தக் குச்சியடி மண்ணு இல்ல. நான் அலசிப் போட்ட மண்ணு. ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சு நான்தான் மாத்திப் போட்டேன்."

மண்ணு சார் பேனாவை மூடினார்.

"அலசின மண்ணா?"

"என் கையால. சத்தியமா ஒரு பொட்டு மிச்சம் வைக்க மாட்டேன் சார்."

"கண்ணுக்குத் தெரியுறதை நீங்க விட்டிருக்க மாட்டீங்க. இங்க இருக்கிற தங்கம் அதைவிடப் பொடிசுக்கா, மாவு மாதிரி. தட்டுல நிக்காது, தண்ணியோட வழிஞ்சு போயிடும். லேப்ல மருந்து போட்டுக் கரைச்சு எடுப்பாங்க. உங்க தப்பு இல்ல." பிறகு, "எத்தனை வருஷமா அலசுறீங்க?"

"பதினொண்ணு."

அவர் பார்வையை வரைபடத்துக்குத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பதில் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அக்காவுக்கு.

"வேற எத்தனை பையில இப்படி?"

"இது ஒண்ணுதான் சார்."

"நான் எப்படி நம்புறது? நீங்க தோண்டுன வரிசை எல்லாம் திரும்பத் தோண்டணும். நீங்க இனிமே மண்ணைத் தொடக் கூடாதுக்கா. வண்டியை நிறுத்தச் சொல்றேன்."

மறுநாள் வேலை போன அக்கா தன் குழி ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நூற்றுப் பதினேழாம் குச்சியடியில் நெட்டை திரும்பத் தோண்டினான். மண்ணு சார் பக்கத்திலேயே நின்று எழுதினார். மூட்டை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்த பிறகும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "காய வச்சியா? அதானே பார்த்தேன், தகரம் ஏன் அழுக்குன்னு."

நெட்டை நண்பன் அல்லவா? மண்ணு சார் அட்டையில் நம்பர் எழுதக் குனிந்த நேரம் பார்த்து, பள்ளத்தை விட்டுவிட்டு மேலாகக் கிடந்த பாதைத் தூசியை வழித்துப் பைக்குள் தள்ளினான். அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

அக்காவின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிசைந்தன. சும்மா நின்றால் போதும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சும்மா நின்றால் போதும்.

"டேய், என்னடா அள்ளுற?" என்று கத்தினாள். "அது காத்துல வந்த புழுதி. இந்த இடத்து மண்ணே இல்ல. கொட்டுடா! முழங்கால் ஆழம்னா கோழி முழங்காலா? இன்னும் தோண்டு, செம்மண்ணு போயி மஞ்ச மண்ணு வரணும்."

"லூசாக்கா நீ?" என்றான் நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா. தோண்டு."

நெட்டை பையைக் கவிழ்த்தான். மண்வெட்டி இறங்கியது. மஞ்சள் மண் வந்ததும் மண்ணு சார் தன் கையாலேயே அள்ளிப் பையைக் கட்டினார். பை ஜீப்பில் ஏறியது. ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியதும் மூட்டை கேட்டார்.

"பதில் எப்ப வரும்?"

"அஞ்சு வாரம்."

"அதுல தங்கம் இருந்தா?"

"இருந்தா இருக்கு. அஞ்சு வாரம் இருக்குல்ல?" அக்கா சுருட்டிக் கிடந்த கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். "உட்கார்ந்தது போதும். கட்டிட்டுக் கீழ இறங்குங்க."