அரக்கர்கள் கவ்வாத்து வெட்டிய கதை

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கவ்வாத்துக்காரனாக இருந்தேன். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்கும் வேலை. அதில் என்னைவிட மோசமான கை அந்த மலையிலேயே கிடையாது. நான் வெட்டிய செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் கங்காணி, "மாடு மேஞ்சாக்கூட இதவிட ஒழுங்கா இருக்குமேடா" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கொரு மவுசு இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தவன் என்பதால் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்குச் சத்தம் போட்டுப் படிப்பவன் நான்தான். கூட்டம் என்றால் பதினாலு பேர். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. இடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த அறை ஞாயிறன்று காலியாகக் கிடக்கும். சாவி தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கரிடம்.

ஹட்டனுக்குப் போகிறவர் யாராவது மூன்று புத்தகம் இரவல் வாங்கி வருவார். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தை நான் படிப்பேன். பிறகு தொட்டில் சேலைக்குப் பின்னால் மூன்று பால் டின்களை வைப்போம். ஆளுக்கொரு தேயிலைக்கொட்டை, பிடித்த புத்தகத்தின் டின்னில் போடவேண்டும். நாட்டில் தோட்டத் தொழிலாளர்களான எங்கள் ஓட்டுரிமை பறிபோயிருந்த காலம் அது. கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். "அங்கதான் போட விடல, இங்கயாவது போடுவோம்" என்றார்.

பெரும்பாலும் மாயாஜாலக் கதைதான் வெல்லும். துப்பறியும் கதை அடுத்தது. நல்லொழுக்கப் புத்தகத்துக்கு ஒருமுறை ஒரு கொட்டை விழுந்தது. இருட்டில் டின் மாறிவிட்டது என்று போட்டவரே ஒப்புக்கொண்டார்.

அப்படி வென்ற கதையொன்றில், பாடும் படிக்கட்டு உள்ள அரண்மனையை முற்றுகையிட அரக்கர் படை வருகிறது. 'அரக்கர்கள் விடியற்காலையில் கவாத்துப் பழகினார்கள்' என்று படித்தேன். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அரக்கனுக்கும் கவ்வாத்தா?" என்றார் அக்கா. "தம்பி, எத்தன செடி வெட்டினா அவனுக்கு ஒரு நாள் பேரு போட்டுக் கூலி குடுப்பாங்க?"

சொந்தத் தொழிலைப் பற்றிய கேள்வி. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "ஆயிரம் செடிக்கா" என்றேன். "கத்தி பனைமரம் உசரம். அரக்கக் கங்காணிக்குப் பத்து வாய், பத்துலயும் ஏச்சு."

சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பெரிய கிளாக்கர்.

"முட்டாளே, கவாத்துன்னா பட்டாளத்து நடை. லெப்ட், ரைட்! அர்த்தம் தெரியாத ஆளுங்களுக்கு ராட்சசக் கதை எதுக்கு? இனிமே புத்தகத்த நான் தெரிஞ்செடுத்துத் தாறேன். இல்லாட்டி காம்பரா கெடையாது."

அடுத்த ஞாயிறு அவரே புத்தகத்தோடு வந்தார். 'வீட்டுத்தோட்டம்' பற்றியது. அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடு கம்பெனியோட லயமுங்க. தோட்டம் தொரையோடது. இதுல நாங்க எத நடுறதுங்க ஐயா?"

"வாயாடாத. படிக்கச் சொல்லு அவன."

"படிக்கட்டுங்க. மொதல்ல டின்னு வைப்போம். உங்க புத்தகத்துக்கும் ஒன்னு."

"நான் சொன்னதுக்கப்புறம் ஓட்டு என்னாத்துக்கு?"

"அங்கயும் இப்படித்தானுங்க சொன்னாங்க" என்றார் அக்கா. குரலை உயர்த்தவேயில்லை. அரக்கர் கதைக்கு ஒன்று, வீட்டுத்தோட்டத்துக்கு ஒன்று என்று டின்களை எடுத்துவைத்தார். கிளாக்கர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொட்டினோம். அரக்கனுக்குப் பதின்மூன்று. வீட்டுத்தோட்டத்துக்கு ஒன்று.

அந்த ஒன்று நான் போட்டது. இத்தனை வருடம் கழித்து இதில் என்ன வெட்கம்? கிளாக்கர் என்னை வேலைக்கு வராதவனாகக் குறித்துவிட்டால் நாள் கூலி போய்விடுமே என்று பயம். கை தானாக அவருடைய டின்னுக்குப் போய்விட்டது.

"பார்த்தியா, ஒருத்தனுக்காவது புத்தி இருக்கு" என்று சொல்லி, அவர் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டிச் சாவியோடு போனார். என் முகமே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்; பதின்மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. நான் வானத்தைப் பார்த்தேன். மழையும் வரவில்லை, உதவிக்கு.

"புத்திசாலி, அரக்கன் புத்தகத்த எடுத்துக்கிட்டு வா" என்றார் அக்கா. டின்களும் கொட்டைகளும் அவர் கையில் இருந்தன.

மேலே கவ்வாத்து வெட்டிய மலையில், மொட்டைக் கட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தோம். அது நான் வெட்டிய இடம். கோணல்மாணலைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்தது. மூடுபனி ஏறி வந்தது. புத்தகத்தைத் திறக்குமுன் நான் நேர்மையாக நடக்கப் பார்த்தேன். "கிளாக்கரய்யா சொன்னது சரிதான். புத்தகத்துல அது பட்டாளத்து நடைதான்."

"அதையும் போட்டுப் பார்த்துருவோம்" என்றார் அக்கா. "நடைக்கு ஒரு டின்னு, செடிக்கு ஒரு டின்னு."

மறைக்கச் சேலை இல்லை. எல்லோரும் பார்க்கவே போட்டோம். செடிக்குப் பதினாலு.

கடைசிக் கொட்டை என்னுடையது. டின்னில் அது விழுந்த சத்தம் கேட்டதும் அக்கா சொன்னார்: "இப்ப படி. எத்தன செடி வெட்டினான்?"

"ஆயிரம்" என்று தொடங்கினேன். "அதுல ஒருத்தன் மட்டும், மாடு மேஞ்ச மாதிரி வெட்டினான்."