கரப்பானும் அத்தை வைத்த பத்தியமும்

தோல் மருத்துவமனையில் வரிசைக்குக் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் என் மகளின் முழங்கை மடிப்பில் இருந்த சிவப்பைப் பார்த்து, "கத்தரிக்கா குடுக்கீகளா? நிறுத்திருங்க" என்றார்.

எனக்கும் சிறுவயதில் அதே இடத்தில் அதே அரிப்பு. கரப்பான் என்றார்கள். எங்களோடு திருத்தங்கல் வீட்டில் இருந்த அத்தை முதலில் கத்தரிக்காயை நிறுத்தினாள், பிறகு கருவாட்டை. அப்பாவின் அச்சகத்துக்கு லேபிள் ஆர்டர் கொடுக்க வந்தவர்கூடத் தக்காளி ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மிஞ்சியது இட்லியும் சீனியும். அரிப்பு அப்படியேதான் இருந்தது.

கடைசியில் அப்பா விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அத்தையும் வந்தாள்.

"எதைத் தின்னா அரிப்பு கூடுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க டாக்டரம்மா, எதையாவது திங்க விட்டாத்தான தெரியும்" என்றார் அப்பா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் குடுங்க. குளிச்சதும் ஈரம் காயுறதுக்குள்ள இந்தக் களிம்ப உடம்பு பூராவும் தடவுங்க. செவந்த இடத்துக்கு மட்டும் இந்த மருந்து."

கொஞ்ச நாளில் தோல் அடங்கியது. அத்தையே கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் பரிமாறினாள்.

"அம்புட்டு நாள் வாயைக் கட்டுனதுனாலதாம்லே மருந்து புடிச்சிருக்கு" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். பிறகு குழம்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நானும் இப்போது வரிசையில் பக்கத்தில் இருந்த அந்த அம்மாளிடம், "சரிங்கம்மா" என்றேன்.